விமானத்தைப் பிசகாமல் கீறும் பிள்ளை ஆளை ஏன் குச்சியாக விடுகிறது?

வாசகர் கேள்வி, 02.08.2024

போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கே வன்னிப் பிள்ளைகள் கீறிய படங்களைக் கலை என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. அவை சாட்சியங்கள், கலை என்பது வேறு. அதோடு, போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் இராணுவமயமாக்கம் பற்றிய அச்சம் இருக்கிறது என்று எழுதுவோர், தங்களுடைய அச்சத்தையே பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ட்ரோன் என்றால் கலியாண வீட்டுக் கமரா. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு எழுதவும்.

03.08.2024

இரண்டாவது கூற்றில் பாதியை ஏற்கிறேன், முதலாவதை ஏற்கவில்லை. நான் கிளிநொச்சி மாவட்டத்தில் சித்திரபாடம் கற்பிப்பவன். போருக்கு முன்னரும், இடப்பெயர்வின்போது மரங்களின் கீழ் நடந்த வகுப்புகளிலும், பிறகு செட்டிகுளம் மனிக் பாம் முகாமின் கூடாரப் பள்ளியிலும் அதே வேலையைத்தான் செய்தேன். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த அந்த முகாமில், தாள் கிடைத்த நாட்களில் பிள்ளைகள் கீறியவற்றில் ஒரு பொது இயல்பு இருந்தது. குண்டுவீச வந்த கிபிர் போர் விமானத்தின் முக்கோணச் சிறகும், அதற்குச் சற்று முன்னால் துருத்தி நிற்கும் சிறு சிறகுகளும், வால் ஒன்றாக நிமிர்ந்திருக்கும் விதமும் பிசகாமல் விழும். அதே தாளில் தாயும் தகப்பனும் ஒரு வட்டமும் சில கோடுகளுமாக நின்றுவிடுவார்கள்.

முகாமுக்கு வந்த ஆலோசகர்கள் இதனை உளக்காயத்தின் அறிகுறியாகப் படித்தார்கள். மனிதர் சிறுத்து ஆயுதம் பெருத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த விளக்கம் எனக்கு அப்போதே போதவில்லை. எந்த இரைச்சல் கேட்டால் பதுங்குகுழியான பங்கருக்குள் பாய வேண்டும், எந்த இரைச்சலுக்குச் சோற்றை முடித்துக்கொண்டு எழும்பலாம் என்பதை மாதக்கணக்கில் பழகிய பிள்ளை அது. வேவு விமானமான வண்டு தலைக்கு மேல் நெடுநேரம் சுற்றினால் அதன் பின்னால் எறிகணை வரும் என்பதைப் பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை. இயந்திரத்தை அறிந்து வைத்திருப்பது உயிரோடிருப்பதற்கான வழியாக இருந்தது; தாயின் முகத்தை அப்படி அளந்து வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, அவள் பக்கத்தில்தான் குந்தியிருந்தாள். கூர்ந்து பார்த்ததைக் கோட்டில் இறக்குவதற்குக் கலை என்று பெயர் இல்லையென்றால், அந்தப் பெயரைப் பெரியவர்களுக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

03.08.2024, இரவு

பங்கர் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றைப் பிள்ளைகள் எப்போதும் வெட்டுமுகமாகவே கீறினார்கள். மேலே நிலம், அதன் கீழே குழி, குழிக்குள் ஆட்கள், கூரையாகப் பனங்குற்றிகள், அவற்றின் மேல் மண்மூட்டைகள். தரையையும் தரைக்குள் இருப்பதையும் ஒரே நேரத்தில் காட்ட வேறு வழியில்லை என்பதை அவர்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். கடைசி மாதங்களில் உரப்பை கிடைக்காமல் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள் அல்லவா? ஒரு சிறுமி மூட்டை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சேலைக்கரை போட்டிருந்தாள். அம்மாவின் கூறைச்சேலை எந்த மூட்டை என்று கேட்டபோது விரலை வைத்துக் காட்டினாள். சாட்சியம் மட்டும்தான் நோக்கம் என்றால் கரை போட வேண்டிய அவசியம் என்ன?

05.08.2024

மேலே நான் விவரித்தது கிபிராக இருக்க முடியாது, மிக்-27 ஆக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிபிர்தான். மிக்-27இன் சிறகு பறக்கும்போது முன்னும் பின்னும் நகரக்கூடியது. அதற்கு முன்சிறகு கிடையாது. கிபிரில் முக்கோணச் சிறகுக்கு முன்னால் அந்தச் சிறு சோடி உண்டு. பிள்ளை கீறியதை வைத்து வளர்ந்தவர்கள் இரண்டு விமானங்களைப் பிரித்தறிய முடிகிறது என்பதே என் வாதத்துக்குப் போதுமானது.

இனி ஆதாரம். 1938இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் பிள்ளைகள் கீறிய படங்கள் நூலாகத் தொகுக்கப்பட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. குண்டுவீச்சு விமானம் திரும்பத் திரும்ப வருவதை அவர் அங்கே கவனித்திருக்கிறார். அந்தப் போரின் கெர்னிகா நகரம் 1937 ஏப்ரல் 26ஆம் திகதி குண்டுவீச்சுக்கு உள்ளானது. பிக்காசோ அதே ஆண்டில் கீறிய பேரோவியத்தில் இறந்த குழந்தையை ஏந்திய தாய் இருக்கிறாள், குதிரை இருக்கிறது, எருது இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஆனால் விமானம் இல்லை. அந்தப் போரைப் பெரிய ஓவியர் விமானமில்லாமல் கீறினார், பிள்ளைகள் விமானத்தோடு கீறினார்கள். ஒன்றைக் கலை என்றும் மற்றதைச் சாட்சியம் என்றும் பிரிப்பதற்கு முன்னர் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிக்காசோ பரிசில் இருந்தார், செய்தித்தாளில் அறிந்தார். பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்.

சாட்சியம் என்ற தகுதியும் சிறியதன்று. சூடானின் டார்பூரிலிருந்து சாட் நாட்டுக்கு ஓடிய பிள்ளைகளின் படங்கள் ஐந்நூறு அளவில் 2007இல் திரட்டப்பட்டு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தினால் பின்னணிச் சான்றாக ஏற்கப்பட்டன. எங்கள் பிள்ளைகளின் படங்களுக்கு என்ன நடந்தது? பெரும்பாலானவை முகாமிலிருந்து மீளக் குடியேற்றியபோது தறப்பாளோடும் சட்டி பானையோடும் போய்விட்டன. சில ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அட்டைப்படமாக வந்தன, கீறியவரின் பெயர் இல்லாமல்.

06.08.2024

பெயரைப் பற்றி எழுதிய பின் யூத ஓவியர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் நினைவுக்கு வந்தார். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற அவர் 1942 டிசம்பரில் நாசிகளால், யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிள்ளைகளுக்கு ஒளித்து மறைத்துச் சித்திரம் கற்பித்தார், படத்தில் அவரவர் பெயரை எழுத வைத்தார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின. கீறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் தப்பவில்லை. அந்தப் படங்களில் பூச்சாடி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, கட்டில் அடுக்குகளும் இருக்கின்றன. முகாமைக் கீறு என்று அவர் பிள்ளைகளைப் பிடித்து இருத்தவில்லை. தாளத்துக்கேற்பக் கோடு இழுக்கவும், ஒரு பொருளை வைத்துப் பார்த்துக் கீறவும் சொல்லிக்கொடுத்தார்.

எங்களிடம் வந்தவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். "உங்களுடைய போர் அனுபவத்தைக் கீறுங்கோ" என்பதுதான் முதல் வசனம். பிள்ளைகள் மடையர்களா? சில நாட்களிலேயே சந்தை நிலவரம் பிடிபட்டுவிட்டது. ஒரு பொடியன் என் காதுக்குள் வந்து, "சேர், ஹெலி கீறினா ஒரு பிஸ்கற் பக்கற்தான், செத்த ஆக்களையும் கீறினா ரெண்டோ?" என்று கேட்டான். சிரித்தேன். ஆனால் அதன் பின் வந்த படங்களில் எது அவன் பார்த்தது, எது பிஸ்கற்றுக்காகப் போட்டது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. ஆகவே முதல் கேள்வியைக் கேட்டவருக்கு நான் விட்டுக்கொடுக்கக்கூடிய இடம் இது: கேட்டு வாங்கிய படம் சாட்சியமாகக்கூட நிற்பது கடினம்.

09.08.2024

கேள்வியில் வந்த ட்ரோன் என்ற பகுதியை யாரும் தொடவில்லை. 2009 ஏப்ரல் 20ஆம் திகதி, இறுதிப் போர் நடந்த புதுமாத்தளனில் மண்ணணை உடைக்கப்பட்டபோது சனங்கள் பெருந்தொகையாக வெளியே வந்ததை ஆளில்லா விமானம் படம்பிடித்தது. அரசாங்கம் அதனை உலகுக்குக் காட்டியது. நிறமற்ற அந்தக் காணொளியில் ஆட்கள் புள்ளிகளாக நகர்கிறார்கள். பல ஆண்டுகளின் பின் என் பழைய மாணவி ஒருத்தி அதனைக் கைத்தொலைபேசியில் எனக்குப் போட்டுக் காட்டி, இதற்குள் எங்கோ தானும் தம்பியும் இருப்பதாகச் சொன்னாள். நிறுத்தி நிறுத்தித் தேடினாள். கிடைக்கவில்லை என்பதில் அவளுக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. படம் இருக்கிறது, படத்தில் தான் இருக்கிறாள், ஆனால் அது தன் படமில்லை.

மேலிருந்து பார்க்கும் இந்தக் கண்ணோடு மல்லுக்கட்டிய ஒரு முயற்சி 2014இல் பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் நடந்தது. ஒரு குழந்தையின் முகத்தை வயல்வெளியளவு பெரிதாக அச்சிட்டு நிலத்தில் விரித்தார்கள், ட்ரோனை இயக்குபவர் திரையில் புள்ளிக்குப் பதிலாக முகத்தைக் காணட்டும் என்று. உலகம் முழுவதும் அந்தப் புகைப்படம் சுற்றியது. நானும் பலருக்கு அனுப்பினேன். இப்போது எனக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குழந்தை அங்கே பார்க்கப்படுவதற்காகக் கிடக்கிறது; இயக்குபவரின் மனச்சாட்சியிடம் மனுக்கொடுக்கிறது. அந்தக் குழந்தை மேலே என்ன கண்டது, எந்த இரைச்சலுக்கு என்ன செய்தது என்பது படத்தில் இல்லை. 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னிலையில் பேசிய 13 வயதுப் பாகிஸ்தானியச் சிறுவன், மேகம் மூடிய நாட்களில் ட்ரோன் பறப்பதில்லையாதலால் தனக்கு நீலவானம் பிடிக்காமல் போனதைச் சொன்னான். வானிலையைப் பற்றிய அந்த அறிவு விரித்த முகத்தைவிட எனக்கு நெருக்கமாக இருக்கிறது. கிபிர் கீறிய கையும் அந்த அறிவைத்தான் வைத்திருந்தது.

ஜேம்ஸ் பிரிடில் என்ற பிரித்தானியக் கலைஞர் 2012 முதல் செய்தது வேறு. ட்ரோனின் உருவரையை உண்மையான அளவிலேயே தெருவில் வெள்ளைக் கோட்டினால் வரைந்தார். அவ்வளவுதான். மேலே கண்ணுக்கு எட்டாமல் இருப்பது நடந்து போகிறவரின் காலடியில் வந்து கிடக்கிறது. அந்த உருவரைக்கு மேலே நின்று அதன் நீள அகலத்தை எட்டுப்போட்டு அளக்கலாம்.

10.08.2024

அந்த உருவரையை எங்கள் பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பினால் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். மிகப் பிரபலமான பிரிடேட்டர் வகையின் சிறகு நுனிக்கு நுனி 14.8 மீற்றர், ஆகையால் கரப்பந்தாட்டத் திடலுக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அளவுத்திட்டம் கற்பிக்கவும் நல்ல பயிற்சி. அதிபர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், பக்கத்தில ஆமிக் காம்ப் இருக்கு. வேற ஏதும் கீறுங்கோவன்" என்றார். அவர் நல்ல மனிதர், என்னை மிரட்டவில்லை. யாரும் அவரையும் மிரட்டியிருக்கவில்லை. கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னது சரி, அந்த அச்சம் பெரியவர்களுடையது. ஆனால் பிள்ளைகள் எதைக் கீறலாம், எதைக் கீறக்கூடாது என்பதை அந்த அச்சம் தீர்மானித்துவிட்டது. பிள்ளைகளுக்கு அப்படியொரு பேச்சு நடந்ததே தெரியாது. நாங்கள் அன்று பூசணிப்பூ கீறினோம்.

11.08.2024

பப்ஜி, பிரீ பயர் என்ற துவக்குச் சண்டைக் கணினி விளையாட்டுகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் பொடியன்கள் பலரும் விளையாடுகிறார்கள். தரம் பத்தில் படிக்கும் ஒருவனுக்குத் துவக்குகளின் பெயர்கள் இரசாயனத் தனிமங்களைவிட நன்றாகத் தெரியும். நான் உபதேசம் செய்யப் போவதில்லை. எங்கள் தலைமுறை பனைமட்டையில் துவக்குச் செய்து ஓடித் திரிந்ததுதான்.

ஆனால் இந்தத் துறையில் படைகளுக்கு உள்ள அக்கறை கற்பனையன்று. அமெரிக்கத் தரைப்படை 2002 ஜூலை 4ஆம் திகதி, ஆட்சேர்ப்பை மனதில் வைத்து ஒரு கணினி விளையாட்டை இலவசமாகவே வெளியிட்டது. 2006 மார்ச் முதல் ஜோசப் டிலாப் என்ற கலைஞர் அந்த விளையாட்டுக்குள் நுழைந்து, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்துகொண்டு நின்றார். சக விளையாட்டாளர்கள் சுட்டார்கள், திட்டினார்கள், வெளியேற்றினார்கள். மறுபடி வந்து அடுத்த பெயரிலிருந்து தொடங்கினார். ஜெர்மன் திரைப்படக் கலைஞர் ஹாருன் பரோக்கி 2009, 2010 ஆண்டுகளில் செய்த காணொளித் தொடரில் ஒரு நுட்பமான அவதானிப்பு இருக்கிறது: போருக்குப் போகும் படையாளுக்குப் பயிற்சி தரும் திரையில் பொருட்களுக்கு நிழல் உண்டு, போரிலிருந்து குலைந்து திரும்பியவனுக்குச் சிகிச்சை தரும் திரையில் நிழல் இல்லை, ஏனென்றால் இரண்டாவது மென்பொருள் மலிவானது.

வன்னியில் இருந்து இதைப் பார்க்கும்போது ஒரு விடயம் உறுத்துகிறது. பரசூட்டில் இறங்கி ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து பொருள் பொறுக்கும் அந்த விளையாட்டை, தகப்பனின் வீடு அப்படியே ஆளில்லாமல் கிடந்து கூரையும் நிலையும் கழற்றப்பட்ட ஊரில் இருந்து ஒரு பிள்ளை விளையாடுகிறது. அவனுக்கு அது தொடர்பானதாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. எவர் பார்வை பெறுமதியானது என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

14.08.2024

2006இல் இதே நாளில் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் உயர்தர வகுப்பு மாணவிகள். 

இந்த நாளில் நான் பார்க்கும் படம் ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸின் கல்லச்சுப் படம். அவருடைய மகன் 1914 அக்டோபரில் முதலாம் உலகப் போரில் இறந்தான். 1918இல், எஞ்சிய ஆண்களையும் போருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கவிஞர் எழுதியபோது, விதைநெல்லை அரைக்கக்கூடாது என்ற ஜெர்மன் கவிஞர் கோதேயின் வரியைக் கொண்டு பத்திரிகையில் பதில் எழுதினார். இரண்டாம் உலகப் போரின் நடுவில் அதே வரியைத் தலைப்பாக வைத்து, தன் மேலாடைக்குள் மூன்று பொடியன்களை அணைத்து மறைக்கும் ஒரு தாயைக் கீறினார். 1942இல் அவருடைய பேரனும் போரில் இறந்தான். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு அந்த வரியை எவரும் விளக்க வேண்டியதில்லை.

என்னை அந்தப் படத்தில் பிடித்து நிறுத்துவது பொடியன்களின் முகம். அவர்கள் பயந்து ஒளிந்திருக்கவில்லை. கையின் இடுக்கால் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள், ஒருவன் துள்ளி ஓடவே நிற்கிறான். வன்னியின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கொருவர் என்று ஆள் சேர்க்க வந்தபோது தாய்மார் பிள்ளைகளைப் பரணிலும் காட்டிலும் ஒளித்தார்கள், பதினேழு வயதில் கலியாணம் கட்டிவைத்தார்கள். அதற்கு முந்திய காலத்தில் பாடசாலைக்கு வந்த தெருவெளி நாடகங்களைப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு தாமாகவே போன பிள்ளைகளும் உண்டு. அந்த நாடகங்கள் கலையாக நன்றாகவே இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; பாட்டும் உடலசைவும் நெஞ்சைப் பிடிக்கும். கலை பிள்ளையை இராணுவத்தனத்திலிருந்து காக்கும் என்று பொதுவாகப் பேசுவோர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை. இராணுவமயமாக்கம் என்றவுடன் ஒரு தரப்பின் சீருடை மட்டும் கண்ணுக்குள் வரும் வாசகர்களுக்கு இந்தக் குறிப்பு பிடிக்காது என்று தெரியும்.

18.08.2024

எதிர்பார்த்தபடியே பிடிக்கவில்லை. திட்டியவர்களுக்குப் பதில் எழுதப் போவதில்லை. 2009க்குப் பின் பிறந்தவர்கள் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

கிளிநொச்சி நகரில் எறிகணை துளைத்துப் பிளந்த கொங்கிரீற்றுக் கனசதுரமும் அதன் மேல் தாமரையும் போர் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. ஆனையிறவில் 1991 சண்டையின் இரும்புக் கவசம் பூட்டிய புல்டோசர் ஏ9 வீதியோரம் காட்சிக்கு இருக்கிறது. சுற்றுலா வரும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். போரில் உழவுயந்திரத்தையும் புல்டோசரையும் கவச வண்டியாக மாற்றிய கைவினையை அவர்கள் ஒரு பெரிய விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் முன்பள்ளிகள் பலவற்றில் ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். மாகாணக் கல்வித்துறையின் முன்பள்ளி ஆசிரியைகள் பெறும் கொடுப்பனவைவிட அது பல மடங்கு அதிகமாக இருந்ததால், அந்த வேலைக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தச் சூழலில் வளர்ந்தவர்களிடம் "என் கிராமம்" என்ற தலைப்பைக் கொடுத்தால் என்ன வருகிறது? குளம், கோயில், வயல், கொக்கு, பாடசாலை. இராணுவ முகாமும் வருகிறது. ஆனால் அது கிபிர் போலக் கூர்மையாக வருவதில்லை. முட்கம்பி வேலியை கிடுகு வேலி போலவே போடுகிறார்கள், காவலரணை ஒரு குடில் போல, சில வேளை மரங்களுக்கிடையில் மரமாகவே. கொடி மட்டும் நிறத்தோடு இருக்கும். இதனை அச்சமின்மை என்று நீங்கள் படிக்கலாம். கூர்ந்து பார்க்க வேண்டிய தேவை முடிந்தது என்று நானும் ஒருகாலத்தில் ஆறுதல்பட்டேன். இப்போது அப்படிப் படிக்கவில்லை. மூத்த பிள்ளைகள் இயந்திரத்தை அந்நியமாகக் கண்டதால் அதன் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்தார்கள். இளைய பிள்ளைகளுக்கு முகாம் நிலக்காட்சியின் ஒரு பகுதி, ஆகையால் அது கண்ணில் படுவதில்லை. எனக்கு அச்சம் தருவது இந்த இரண்டாவது வகைப் படம்தான். அது என் அச்சம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

விதிவிலக்கு உண்டு. 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்பில் விமானப்படை முகாமின் வாசலில் காணிக்காகச் சனங்கள் குந்தியபோது, பிள்ளைகளும் இரவு பகலாக அங்கே இருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பிறகு என் வகுப்புக்கு வந்தது. அது கீறிய வேலியில் கம்பியின் முள் ஒவ்வொன்றும் இருந்தது.

22.08.2024

கலியாண ட்ரோன். சென்ற ஆண்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் ஒன்று மேலே பறந்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள், நாற்பதைக் கடந்த பெண்கள் சிலர் தன்னிச்சையாகத் தோளைக் குறுக்கினார்கள். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

எழுதப்படாதது வேறு. என் மாணவன் ஒருவன் ட்ரோன் ஓட்டப் பழகிய நாள் முதல் மேலிருந்து பார்த்தபடியே படம் கீறுகிறான். வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், பனைகள் எல்லாம் வட்டமும் சதுரமும். வண்டின் கண் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டதே என்று முதலில் எனக்குக் குமட்டியது. பிறகு யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் "முடிவுறாத் தோம்பு" (தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு) என்ற 2011ஆம் ஆண்டுப் படைப்பை எடுத்து மறுபடி பார்த்தேன். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாங்கள் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாகக் கீறியிருக்கிறார்கள்; அதனை ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு திருத்தி வரைந்திருக்கிறார்; சனாதனன் அதற்குத் தன் சித்திரத்தைச் சேர்த்திருக்கிறார். அந்த முதிய மனிதர்கள் எவரும் தங்கள் வீட்டை வானத்திலிருந்து பார்த்ததில்லை. ஆயினும் கிணறு அடுப்படியிலிருந்து எவ்வளவு தூரம், வேம்பு எந்த மூலையில் என்று மேலிருந்து கீறிக் காட்டுகிறார்கள், ஏனென்றால் நடந்து நடந்து பழகியவருக்கு அந்தப் பார்வை காலுக்குள் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பது படைகளின் சொத்து என்று நான் இவ்வளவு நாளும் அதனை அவர்களுக்கே எழுதிக் கொடுத்திருந்தேன் போலிருக்கிறது.

அடுத்த தவணையில் தரம் ஒன்பதுக்கு இதையே பயிற்சியாக வைக்கப் போகிறேன்: ட்ரோனும் வேண்டாம், கூகுள் வரைபடமும் வேண்டாம், உங்கள் வளவை நடந்து அளந்து மேலிருந்து கீறுங்கள், வேலிக்கு அப்பால் இருப்பதையும் விடாதீர்கள். அதிபரிடம் அளவுத்திட்டப் பயிற்சி என்றே சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. இதைப் போல ஏதும் செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால், எந்தத் தரம், என்ன அளவுத் தாள், வேலிக்கு அப்பால் வந்ததை எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதவும். சென்ரிமீற்றர்ச் சதுரத் தாள் இங்கே கடைகளில் தட்டுப்பாடாக இருக்கிறது, வெறும் தாளில் சமாளித்தவர்களின் யோசனை முதலில் வேண்டும்.